இரண்டு ஸ்பூன் ஆளி விதை

பாளையங்கோட்டை
8.1.2002

அன்புள்ள டானியா,

பியூலா மதினி எழுதுகிறேன். உனக்கும் என் தம்பி ஆஸ்டினுக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் முடிந்துவிட்டது. இதுதான் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. அம்மாவும் நானும் நல்ல சுகம்.

முதலில் தபாலில் வரப்போகும் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரித்துப் பார்த்துவிட்டு முழிக்காதே. போன ஞாயிறு ஆஸ்டின் போன் பண்ணியபோது அம்மாதான் எடுத்தாள். டானியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறாள். இந்தப் பயல் வேறு ஏதோ நினைப்பில், "லைனிங் பத்தலன்னு மனசு கஷ்டப்படுதாம்மா" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு, "அந்த ஊருல ஜாக்கெட்டுக்கு ஒரு நல்ல லைனிங் துணிகூடக் கிடைக்காது போல, பாவம் அந்தப் பிள்ள" என்று புலம்பிக்கொண்டே, மத்தியான வெயிலில் கடைக்குப் போய் நாலு மீட்டர் வெள்ளைத் துணி வாங்கி வந்துவிட்டாள். நீங்கள் டாக்டரிடம் போவது அவளுக்குத் தெரியும், கர்ப்பப்பையில் லைனிங் என்று ஒன்று உண்டு என்பது தெரியாது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். திருத்தவும் இல்லை.

எனக்கு விஷயம் புரிந்தது. கரு தயாராக இருக்கிறது, அது வந்து ஒட்டவேண்டிய உள்சுவர் மெல்லிசாக இருக்கிறது, அதனால் இந்த மாதம் வேண்டாம் என்று டாக்டர் தள்ளிவிட்டார். அதுதானே? கல்யாணமே ஆகாத டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதே. என்னோடு படித்த ரமா திருச்சியில் மகப்பேறு டாக்டராக இருக்கிறாள். அவளைப் பிடித்துக் கேட்டேன். "சுவரை வளர்க்குறது மாத்திரைதான் பியூலா. ஆனா மாத்திரை வேலை செய்ய உடம்புல ரத்தம் வேணும், ஓட்டம் வேணும், தூக்கம் வேணும்" என்றாள். தினம் நட. ராத்திரி சீக்கிரம் படு. கீரை, மாதுளம்பழம், பீட்ரூட், கறுப்பு உளுந்து, முட்டை எல்லாம் சாப்பிடு. இது ரமா சொன்னது. நான் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஆளி விதை இதற்கு நல்லது என்று ஒரு பெண்கள் பத்திரிகையில் வாசித்தேன். வாங்கி, காலையில் இரண்டு ஸ்பூன் சாப்பிடு.

போன் ஹாலில் இருக்கிறது, அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அதனால் பதிலை என் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடு. நேற்று தூங்கினாயா என்பதையும் எழுது.

அன்புடன்,
பியூலா மதினி


தேஹு ரோடு
17.1.2002

கனம் பொருந்திய மதினி அவர்களுக்கு, டானியா எழுதுகிறதாவது:

உமது கடிதம் கிடைத்தது. வாசித்து ஆச்சரியப்பட்டேன், சந்தோஷமும் அடைந்தேன். துணியும் வந்து சேர்ந்தது. ஆஸ்டின் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுவதும் நடந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அதை மடித்து அலமாரியில் வைத்தார். அத்தையம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லும், காரணத்தை மாத்திரம் சொல்லாதேயும்.

என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். நான் பிறந்தது கட்கி, வளர்ந்தது தேஹு ரோடு, இரண்டும் மராட்டிய தேசம். பள்ளியில் ஹிந்தியும் மராட்டியும் இங்கிலீஷும். தமிழை நான் சர்ச்சில் மட்டுமே கற்றேன். எங்கள் அப்பா ஞாயிறுதோறும் என்னை முன்னே நிறுத்தி வேதபாடம் வாசிக்க வைத்தார். கல்யாணத்தில் நான் பேசியதைக் கேட்டு உம்முடைய வீட்டார் நகைத்தது நினைவிருக்கிறது. ஆகையால் ஆறு வருஷம் அதிகம் பேசாதிருந்தேன்.

இப்போது என் காரியம். எங்களுடைய கரு இரண்டு, ஔந்தில் உள்ள ஆஸ்பத்திரியில் பனிக்கட்டிக்குள் நித்திரையாயிருக்கிறது. மூன்று இருந்தது, ஒன்றைப் போன வருஷம் வைத்தார்கள், தங்கவில்லை. இந்த முறை என் லைனிங் ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேலே வரவில்லை. டாக்டர் மேடம் ஸ்கிரீனைப் பார்த்து "பாத்தள் ஆஹே" என்றார். மெல்லியதாய் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வார்த்தையை லோக்கல் டிரெயினில் வீடு வருமட்டும் எனக்குள்ளே சொல்லிக்கொண்டு வந்தேன். என் உடம்பில் எல்லாமே பாத்தள் என்று தோன்றியது. இந்த இரண்டும் போனால் மீதி ஒன்றும் இல்லை மதினி. அதுவே என் பயம்.

நீர் சொன்னபடி செய்யத் தொடங்கினேன். மார்க்கெட்டில் முருங்கைக் கீரையை இங்கே யாரும் வாங்குவதில்லை, பாஜிக்காரி எனக்குச் சும்மாவே தருகிறாள். சங்கராந்திக்குப் பக்கத்து வீட்டு ருக்மிணி காக்கு, காக்கு என்றால் சித்தி, எள்ளுருண்டை கொண்டுவந்து, தில்குள் தின்று இனிமையாகப் பேசு என்று சொன்னார். அதையும் தின்றேன். ஆளியும் வாங்கிவிட்டேன். இங்கே கிடைக்குமோ என்று கலங்கினேன், ஆனால் கிரானா என்கிற மளிகைக் கடைக்காரர், கேட்ட உடனே டப்பாவை எடுத்தார். சிவந்த, சிறிய விதை. ஊறவைத்தால் வழுவழு என்று ஆகிறது. விழுங்கக் கஷ்டம்தான், ஆனாலும் விழுங்குகிறேன்.

தூங்கினேனா என்று கேட்டீர். மெய்யாகவே சொல்லுகிறேன், இல்லை.

உமது கீழ்ப்படிதலுள்ள,
டானியா


பாளையங்கோட்டை
25.1.2002

ஏட்டி டானியா,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்து வாசித்தேன். வேதாகமத்தில் ஏதோ ஒரு சபைக்கு வந்த நிருபம் மாதிரி இருந்தது. சிரித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் "வீட்டார் நகைத்தது" என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். பந்தியில் நீ என்னிடம் "இன்னும் சோறு உமக்கு வேண்டுமோ" என்று கேட்டாய். அழகாகத்தான் கேட்டாய்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்லுகிறேன், டீச்சர் புத்தி போகாது. உமக்கு, உம்முடைய என்பதெல்லாம் ஜெபத்தில் வைத்துக்கொள். நான் படமாகிச் சுவரில் மாட்டுகிற அளவுக்கு இன்னும் ஆகவில்லை. எனக்கு "உங்களுக்கு" போதும். மற்றதை மாற்றாதே. "பனிக்கட்டிக்குள் நித்திரையாயிருக்கிறது" என்று இந்த ஊரில் ஒருத்தருக்கும் எழுத வராது.

ஆளி விதை வழுவழு என்றுதான் இருக்கும், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. மோரில் கலந்து மடக்கென்று குடித்துவிடு.

பாத்தள் என்ற வார்த்தையைத் தூக்கிக் குப்பையில் போடு. ஒரு சுவர் மெல்லிசாக இருந்தால் சுவர்தான் மெல்லிசு, நீ இல்லை. ஆறு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்து எங்கள் வீட்டைச் சமாளித்தவள் மெல்லிசானவளா? எனக்கு முப்பது வயசானபோது ஊரே என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டது. நாற்பது ஆனதும் கேட்பதை நிறுத்திவிட்டது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது, கேட்டியா. ஒரு வார்த்தை மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் தூக்கம் எப்படிப் பிடிக்காமல் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

படுக்கும்போது சுடுதண்ணீர் பையை அடிவயிற்றில் வைத்துக்கொள். கரு வைக்கும் நாள்வரைக்கும் மட்டும். அப்புறம் வேண்டாம் என்று ரமா சொன்னாள். அந்தச் சூட்டில் கண் சொருகும்.

தூங்கினாயா?

பியூலா மதினி


தேஹு ரோடு
9.2.2002

அன்பான மதினிக்கு,

இதோ, ஒரு நற்செய்தி! எட்டு புள்ளி இரண்டு!

புதன்கிழமை ஸ்கேன். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். டாக்டர் மேடம், "அரே வா, டானியா, ச்சான் ஆஹே" என்றார். ச்சான் என்றால் அழகாயிருக்கிறது. என் கர்ப்பப்பையைப் பார்த்து ஒருவர் அழகு என்று சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்று. வெளியே வந்தேன், ஆஸ்டின் என் முகத்தைப் பார்த்த உடனே, கேட்காமலே, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆர்ட்னன்ஸ் டெப்போவில் அத்தனை குண்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறவர், எட்டு மில்லிமீட்டருக்கு உட்கார்ந்துவிட்டார்.

வருகிற திங்கட்கிழமை இரண்டையும் வைக்கிறார்கள். அதற்குப் பின் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும், பிறகு இரத்தப் பரிசோதனை.

இது உங்கள் ஆளியினால் ஆயிற்று என்று நான் நம்புகிறேன். மாத்திரை போன முறையும் இருந்தது, ஆளிதான் புதிது. நான் ஒருநாளும் தவறவில்லை. இனியும் தவறமாட்டேன். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை, அவர் சிரித்துவிடுவார் என்று கூச்சம்.

அது மாத்திரமல்ல, தூங்குகிறேன். சுடுதண்ணீர் பையை வைத்துக்கொண்டு, உங்கள் கடிதத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, தூங்கிவிடுகிறேன். ஆஸ்டின் சொல்லுகிறார், "குறட்டை விடுற டானியா, எங்க அக்கா மாதிரியே." மெய்யா?

உங்கள்
டானியா


பாளையங்கோட்டை
15.2.2002

என் தங்கமே,

நான் குறட்டை விடுவதில்லை. அவன் பொய் சொல்லுகிறான்.

உன் கடிதம் நேற்று வந்தது. பத்தாம் வகுப்புக்கு மகரந்தச் சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன், பியூன் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகள் முன்னாலேயே பிரித்துவிட்டேன். எட்டு புள்ளி இரண்டைப் பார்த்ததும் கரும்பலகையில் அதை எழுதிவைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். "டீச்சர், இது எதோட அளவு?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "சந்தோஷத்தோட அளவு, நோட்டுல எழுதாத" என்றேன்.

நேற்றிலிருந்து உங்கள் நினைப்புதான். திங்கட்கிழமையே வைத்திருப்பார்கள். இப்போது இரண்டு பேரும் உள்ளே இருக்கிறார்கள். நீ ஒன்றும் சாதிக்க வேண்டாம், பரீட்சை எழுதி முடித்துவிட்டாய். சாப்பிடு, மெதுவாக நட, தூங்கு. வெறும் வயிற்றில் கற்பனை பண்ணாதே.

அம்மா கேட்டாள், "ஆஸ்டின் பொண்டாட்டி ஜாக்கெட் தச்சிட்டாளாமா?" என்று. ஆமாம், அளவு கச்சிதமாக இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன். கர்த்தர் என்னை மன்னிப்பார்.

உன் மதினி


தேஹு ரோடு
21.2.2002

மதினிக்கு,

இன்று மத்தியானம் ருக்மிணி காக்கு வந்தார். நான் படுத்திருந்தேன், அவரே சாய் போடுகிறேன் என்று கிச்சனுக்குப் போனார். டப்பாவைத் திறந்தவர் அங்கிருந்தே கூப்பிட்டார். "டானியா, ஹே அளீவ் கஷாலா?" இந்த அளீவ் எதற்கு?

நான் சொன்னேன், தினமும் சாப்பிடுகிறேன், குழந்தைக்காக.

அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். அளீவ் என்பது பிள்ளை பெற்றபின் தாய்க்குக் கொடுப்பதாம். பால் சுரக்க லட்டு பிடித்துக் கொடுப்பார்களாம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தொடவே கூடாதாம். கர்ப்பத்தைக் கலைத்துவிடும் என்று இங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் தெரியவில்லை. எனக்குச் சொல்ல யாரும் இல்லை, எங்கள் அம்மா இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வைத்த பிறகும் பத்து நாள் தின்றேன். மோரில் கலந்து, மடக்கென்று, நீங்கள் சொன்னபடியே.

நேற்றிலிருந்து கொஞ்சம் இரத்தம் படுகிறது. சிறு கறைதான். ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் செடிகொடி படித்தவர். உங்களுக்குத் தெரியாதா? அத்தையம்மாவுக்கு என்னைப் பிடிக்காது, அவர்கள் தங்கள் ஊர்ப் பெண்ணைக் கேட்டார்கள் என்று அறிவேன். அவர்கள் பரவாயில்லை, முகத்துக்கு நேரே காட்டினார்கள். நீங்கள் இனிமையாக எழுதினீர்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

டானியா


பாளையங்கோட்டை
26.2.2002

டானியா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். வாசிக்காமல் கிழித்தாலும் சரி.

உன் கடிதத்தைப் படித்ததும் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். "அண்ணாச்சி, ஆளி விதை குடுங்க" என்றேன். அவர் கேட்கிறார், "எந்த ஆளி டீச்சர்? ஆளியா, ஆலியா? ரெண்டு இருக்கே." இரண்டையும் பொட்டலம் கட்டி வாங்கி வந்தேன். இதோ மேஜைமேல் இருக்கிறது. ஒன்று தட்டையாக, பழுப்பாக, பளபளவென்று இருக்கிறது. அதுதான் நான் நினைத்த ஆளி. இன்னொன்று சிவப்பாக, பொடிசாக இருக்கிறது. அதை இங்கே ஆலி என்கிறார்கள், உன் ஊரில் அளீவ். இரண்டும் ஊறினால் வழுவழுக்கும். நீ "சிவந்த, சிறிய விதை" என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் உன் தமிழைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், விதையைப் பார்க்கவில்லை.

பரீட்சையில் பிள்ளைகள் செடிக்கு ஊர்ப்பெயரை மட்டும் எழுதினால் அரை மார்க் குறைக்கிறவள் நான். லத்தீன் பெயர் எழுது, ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்று இருபது வருஷமாகக் கத்துகிறேன். உனக்கு மட்டும் "ஆளி" என்று இரண்டு எழுத்தில் எழுதி அனுப்பினேன். லினன் துணி நெய்கிற செடி என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். எனக்கு எவ்வளவு மார்க் குறைப்பது, நீயே சொல்லு.

ஆனால் வேண்டுமென்று செய்தேன் என்று மட்டும் நினைக்காதே டானியா. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

நேற்று உனக்கு டெஸ்ட். ஆஸ்டின் போன் பண்ணவில்லை. நான் பண்ண ரிசீவரை இரண்டு தடவை எடுத்து, வைத்துவிட்டேன். ஒன்று செய். என்னை நம்பாதே, காக்கு சொல்வதையும் அப்படியே நம்பாதே. டாக்டரிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டிக் கேள். சிரித்தால் சிரிக்கட்டும்.

பியூலா


பாளையங்கோட்டை
6.3.2002

டானியா,

ஆஸ்டின் பேசினான். இல்லை என்று ஆகிவிட்டதாமே. அம்மா பக்கத்தில் இருந்தாள். "சரிடா, சரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த இரண்டு பேரையும் எனக்கும் தெரியும் போல ஆகிவிட்டது.

நீ போனுக்கு வரவில்லை என்றான். வர வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம், அதற்கு ஒன்றும் அவசரம் இல்லை. சாப்பிட்டாயா? தூங்கினாயா? பதில் எழுதாவிட்டாலும் ஆஸ்டினிடம் ஆமாம், இல்லை என்று சொல்லு. அவன் எனக்குச் சொல்லுவான்.

பியூலா


தேஹு ரோடு
20.3.2002

அன்பான மதினிக்கு,

டப்பாவை டாக்டர் மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் சிரிக்கவில்லை. திறந்து பார்த்து, முகர்ந்து, "என் மாமியார் இதில் நல்ல லட்டு பிடிப்பார்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "டானியா, இரண்டு ஸ்பூன் விதை உன் லைனிங்கை வளர்க்கவும் இல்லை, உன் கருவைக் கலைக்கவும் இல்லை. வளர்த்தது மருந்து. இந்தத் தடவை அளவைக் கூட்டினேன். கரு ஏன் தங்கவில்லை என்று எனக்கே தெரியாது. பாதிக்கு மேல் தங்குவதில்லை, யாரும் ஒன்றும் செய்யாமலே. ஆனால் இனி எதைத் தின்றாலும் முதலில் என்னிடம் சொல்லு." என் இரத்தத்தைப் பார்த்தார். அது நன்றாய்க் கூடியிருக்கிறது. அது கீரைக்காரி செய்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதைக் கேட்டு நான் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. காரணம் என்று ஒன்று இருந்தவரைக்கும் கோபப்பட ஒரு ஆள் இருந்தது. காரணமே இல்லை என்றால் நான் யார்மேல் கோபப்படுவேன்? வீட்டுக்கு வந்து டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன், அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை வரவே இல்லை. ருக்மிணி காக்கு தினமும் வரண்பாத், அதாவது பருப்புச் சோறு, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். பயமுறுத்திவிட்டோமே என்று அவருக்கும் வருத்தம்.

உங்கள் இரண்டு கடிதத்தையும் நான் கிழிக்கவில்லை. வாசிக்காமல் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். போன வாரம் வாசித்தேன். ஆலியும் ஆளியும்! எனக்கு அந்த வித்தியாசம் நாவில் வராது மதினி. சர்ச்சிலேயே அப்பா அடித்தும் வரவில்லை.

உங்களைப்பற்றி நான் எழுதியது தவறு. அதைவிட ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆறு வருஷமாக எல்லாரும் என்னிடம் குழந்தையைத்தான் கேட்டார்கள். எங்கள் பாஸ்டர் கேட்டார், நான் வேலை பார்க்கும் ஸ்கூலில் கேட்டார்கள், ஆஸ்டினும் வாயால் கேட்காமல் கேட்டார். நீங்கள் ஒருவர்தான் நான் தூங்கினேனா என்று கேட்டீர்கள். மூன்று மாதமாக அதே கேள்வி. எனக்கு அது பழகிப்போயிற்று. எழுதாதே என்று சொல்லிவிட்டு, தபால்காரர் வரும் நேரம் கதவைத் திறந்தே வைத்தேன்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாமா என்று டாக்டர் கேட்கிறார். உன் இஷ்டம் என்கிறார் ஆஸ்டின். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல இப்போது பயமும் இல்லை.

நேற்று தூங்கினேன்.

உங்கள்
டானியா


பாளையங்கோட்டை
27.3.2002

என் தங்கமே,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனேன். இனி அம்மாவிடம் மறைக்க முடியாது என்று தோன்றியது. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கரு, ஐஸ், மில்லிமீட்டர், விதை, எல்லாம். லைனிங் என்றால் ஜாக்கெட் லைனிங் இல்லை என்பதையும் சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் துணியில்ல அனுப்புனேன்" என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் எழுந்து அடுப்படிக்குப் போனாள். இனி புலம்பப் போகிறாள், உன்னைத்தான் ஏதாவது சொல்லப் போகிறாள் என்று நானும் சண்டைக்குத் தயாராகப் பின்னால் போனேன்.

அங்கே நின்றுகொண்டு கேட்கிறாள், "ஏட்டி பியூலா, அந்தப் பிள்ளைக்கு என்ன புடிக்கும்?"

"எதுக்கு?"

"எதுக்கா? திங்கத்தான். மனசு விட்டுப்போயிருக்கும்லா, ஏதாச்சும் செஞ்சு குடுத்து விடலாம்ல."

தெரியாது என்றேன். அம்மா திட்டிவிட்டாள். "மாசக்கணக்கா கடுதாசி போடுத, அதுக்கு என்ன புடிக்கும்னு கேக்கலியா? என்ன டீச்சரு நீ!" நானும் விடவில்லை, ஆறு வருஷம் மாமியாராக இருக்கிறீர்களே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை டானியா. கீரை தின்னு, பீட்ரூட் தின்னு, உளுந்து தின்னு, விதை தின்னு என்று நான் எழுதாத பண்டம் இல்லை. உனக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்டதில்லை.

மறுபடியும் டாக்டரிடம் போவதும் போகாததும் உன் இஷ்டம். போனால் நான் லீவு போட்டு வந்து கூட இருப்பேன். போகாவிட்டாலும் நீ எனக்கு ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். இது பெரிய வாரம், நாளை மறுநாள் பெரிய வெள்ளி. ஆலயத்தில் உனக்காக எதையும் கேட்கப் போவதில்லை. உன் பெயரை மட்டும் சொல்லப் போகிறேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், எழுதிவிட்டேனா என்று. அதனால் கேட்கிறேன். உனக்கு என்ன பிடிக்கும்? இரத்தத்துக்கு இல்லை, கர்ப்பப்பைக்கு இல்லை, நாக்குக்கு.

பியூலா


தேஹு ரோடு
6.4.2002

அன்பான மதினிக்கும் அத்தையம்மாவுக்கும்,

உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. நாலு வருஷமாக நல்லது எது, ஆகாதது எது என்று மட்டும் பார்த்துத் தின்றதில், பிடித்தது எது என்பது மறந்துபோயிற்று. ஆஸ்டினிடம் கேட்டேன். அவர் பீட்ரூட்டா என்று கேட்டார். ஆகையால் நானே யோசித்தேன்.

இன்று காலை பாலுக்குப் போகையில் கண்டுபிடித்தேன். தேஹு ரோடு ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் வண்டியில் வடா பாவ் போடுகிறார். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் அங்கேதான் ஓடுவேன். வடை கையைச் சுட வேண்டும், பாவில் காய்ந்த சட்னி நிறைய வேண்டும், பொரித்த பச்சை மிளகாய் ஒன்று தனியாக வேண்டும். எண்ணெய், மைதா, காரம் என்று மூன்றும் ஆகாது என்பதால் விட்டுவிட்டேன். இன்று ஒன்று வாங்கி, வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாயும் ஒரு காரணம்.

அத்தையம்மா, உங்கள் அன்புக்கு நான் என்ன சொல்லுவேன்! ஆனால் இதை நீங்கள் அங்கே செய்து அனுப்ப முடியாது. ஆறிப்போனால் அது வடா பாவ் அல்ல. ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு, டிரெயின் சத்தத்தோடு, சுடச்சுடத் தின்ன வேண்டும்.

ஆகையால் மே லீவுக்கு நீங்கள் இருவரும் வாருங்கள்.

உங்கள்
டானியா